ஆர்கானிக் பால்: மாட்டை மாற்றினால் போதுமா, மண்ணையும் மாற்றணுமா? பால் பண்ணையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரை காளவாசல் சிக்னலைத் தாண்டி மேற்கே தேனி ரோட்டில் போனால் விராட்டிபத்து, நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று வரிசையாக ஊர்கள். நிலம் கொஞ்சம், மாடு நாலைந்து என்று பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. இங்கே கறக்கிற பாலை நம்பியிருக்கும் நகரத்திலோ, கடை ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆவின் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே 'ஆர்கானிக்', 'ஏ2', 'நாட்டு மாட்டுப் பால்', 'ஃபார்ம் ஃப்ரெஷ்' என்று விதவிதமான பாட்டில்கள். விலையும் கூடுதல்.

"அவங்க அந்த விலைக்கு விக்கிறாங்க, நாமளும் ஆர்கானிக்குக்கு மாறிட்டா என்ன?" என்று கறவை மாடு வைத்திருக்கும் பலர் யோசிக்கிறார்கள். மாறலாம். ஆனால் புண்ணாக்கு மூட்டையை மாற்றுவது போல ஒரே நாளில் நடக்கிற வேலை இல்லை இது. எவ்வளவு காலம் ஆகும், எங்கே அடி விழும், கணக்கு எப்போது நேராகும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்கானிக் பால்னா என்ன?

முதலில் எது ஆர்கானிக் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டு மாட்டுப் பால் என்பதாலேயே அது ஆர்கானிக் ஆகிவிடாது. ஏ2 என்பது பாலில் இருக்கும் ஒரு வகை புரதத்தைக் குறிக்கும் பெயர். மாடு எதைத் தின்றது, என்ன ஊசி போட்டுக்கொண்டது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்ட் 21ஆம் தேதி உத்தரவிட்டது. ஐந்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. ஆக அந்தப் பெயர் இன்னும் சந்தையில் இருக்கிறது. ஆனால் அது இயற்கை முறைக்கான சான்று கிடையாது.

ஆர்கானிக் என்பது பாலைச் சோதித்து மட்டும் கொடுக்கும் பட்டம் அல்ல. பால் வந்த வழி முழுவதையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மாட்டுக்குப் போடும் தீவனம் ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லாத நிலத்தில் விளைந்திருக்க வேண்டும். மரபணு மாற்றப்பட்ட தீவனம் கூடாது. வளர்ச்சிக்கோ பால் பெருக்கத்துக்கோ ஹார்மோன் கூடாது. நோய் இல்லாதபோது முன்னெச்சரிக்கை என்று ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது. மாடு நடக்க, படுக்க, மேய இடம் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதிவு வேண்டும்.

ஏன் இந்தப் பேச்சு?

2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்தது. தண்ணீர், மாவு, சோப்பு என்று கலப்படம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உடலுக்கு ஆபத்தான கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டது 12 மாதிரிகளில் மட்டும்தான். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் எச்சம் வரம்பைத் தாண்டியது. அஃப்ளடாக்சின் அதிகமாகக் கிடைத்த மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88.

இந்த நச்சு பாலில் யாரும் கலப்பது அல்ல. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, ஈரத்தில் கிடந்த மக்காச்சோளம் போன்றவற்றை மாடு தின்னும்போது அது பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இங்கே பண்ணையாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆர்கானிக் கடலையிலும் பூஞ்சை பிடிக்கும். புண்ணாக்கைக் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, மழைச்சாரல் படாமல் வைக்காவிட்டால் ஆர்கானிக் பாலிலும் அதே நச்சுதான் வரும்.

சத்து விஷயத்தில் என்ன நிலை? பால் பற்றிய 196 ஆய்வுகளைத் தொகுத்து, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு 2016இல் வெளியிட்ட கட்டுரைப்படி, ஆர்கானிக் பாலில் ஒமேகா-3 கொழுப்பு சுமார் 50 சதவீதம் அதிகம். காரணம், அந்த மாடுகள் அதிகம் புல் தின்பதுதான். அதே ஆய்வில் அயோடின் குறைவாக இருந்ததும் தெரிந்தது. ஒருவர் சாப்பிடும் மொத்த உணவில் பாலில் இருந்து வரும் ஒமேகா-3 சிறு பங்குதான் என்பதால், இதை மருந்து போல விளம்பரம் செய்வது சரியல்ல.

முத்திரை கொடுப்பது யார்?

இந்தியாவில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 2001இல் மத்திய வர்த்தக அமைச்சகம் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். இதை அபெடா நிர்வகிக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனம் நேரில் வந்து ஆய்வு செய்யும். தமிழ்நாட்டில் அரசே நடத்தும் அங்ககச் சான்றளிப்புத் துறை கோயம்புத்தூரில் இயங்குகிறது. ஏற்றுமதி செய்ய இந்த வழிதான்.

இரண்டாவது, மத்திய வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். இந்தியா. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் பண்ணையை மற்றவர் சோதித்து உறுதி கொடுக்கும் முறை. செலவு மிகக் குறைவு. மாறும் காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுமையாக மாறிய பிறகு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' முத்திரை. உள்ளூரிலேயே விற்கப் போகிற நாலைந்து மாட்டுக்காரருக்கு இது ஏற்றது.

எந்த வழியாக இருந்தாலும், 2017ஆம் ஆண்டு வந்த ஆர்கானிக் உணவு விதிமுறைகளின்படி, பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரை போட இந்த இரண்டில் ஒரு சான்று வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை செய்யும் சிறு உற்பத்தியாளர், நேரடியாக வீட்டுக்கு ஊற்றினால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த முத்திரையையும் பயன்படுத்த முடியாது.

மாற்றம் தொழுவத்தில் தொடங்காது, வயலில்தான்

தேசிய விதிப்படி, ஆண்டுப் பயிர் விளையும் நிலம் விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டு ரசாயனம் இல்லாமல் இருக்க வேண்டும். நீண்ட காலப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு. அதற்கு மேல் மாடும் மாறுவதற்கு ஒரு காலம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆர்கானிக் முறையில் 6 மாதம் வளர்த்த பிறகே பாலை ஆர்கானிக் என்று விற்கலாம். அமெரிக்காவில் 12 மாதம். ஆக, இன்று முடிவெடுத்தால் முத்திரை போட்ட பால் கையில் வர இரண்டு, மூன்று ஆண்டு ஆகும்.

ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்று எடுத்துக்கொண்டால், ஐந்து மாட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 45 டன் வேண்டும். கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் புல் ஆராய்ச்சி நிலைய அளவில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் கொடுக்கும். ஆனால் அது தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கிடைக்கும் நிலத்துக் கணக்கு. ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா போட்டுப் பழகிய புல்லில் திடீரென்று அதை நிறுத்தினால், முதல் ஒன்றிரண்டு ஆண்டு விளைச்சல் இறங்கும்.

அதை ஈடுகட்டுவது சாணம்தான். ஒரு மாடு நாளுக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். ஐந்து மாட்டில் இருந்து ஆண்டுக்கு சுமார் 20 டன் கிடைக்கும். அதை வெயிலில் குவித்துக் காயவிடாமல், நிழலில் மக்கவைத்தோ மண்புழு உரமாக்கியோ போட்டால் மண் தேறும். மாட்டு மூத்திரம் ஓடி வீணாகாமல் ஒரு தொட்டியில் சேர்ப்பதும் முக்கியம். தழைச்சத்தில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. புல்லோடு வேலிமசால், அகத்தி, சூபாபுல் போன்ற பயறு வகைத் தீவனத்தையும் சேர்த்து வளர்த்தால் புரதமும் கிடைக்கும், புண்ணாக்குச் செலவும் குறையும்.

மதுரைப் பக்கத்தில் பெரிய தடை தண்ணீர். பெரியாறு பாசனம் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பசும்புல் வளர்ப்பது ஒரு மாதிரி. மானாவாரி அதிகம் உள்ள உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வேறு மாதிரி. அங்கே கோ எஃப்.எஸ். 29 தீவனச் சோளத்தையும் சோளத்தட்டையையும் சேர்த்துவைத்து, வெட்டிய பசுந்தீவனத்தை ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தாமல் கோடையைத் தாண்ட முடியாது. கோடையில் வெளியூர் லாரியில் வரும் வைக்கோலை வாங்கிப் போட்டால், அந்த வைக்கோலுக்குச் சான்று எங்கே என்று ஆய்வாளர் கேட்பார்.

பருத்திக்கொட்டையில் ஒரு சிக்கல்

பால் கெட்டியாக வரணும் என்றால் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றணும் என்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். ஆனால் 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு, இந்தியாவின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்ட ரகம்தான். ஆர்கானிக் விதியில் மரபணு மாற்றப்பட்ட தீவனத்துக்கு இடமில்லை. ஆக, கடையில் வாங்கும் சாதாரண பருத்திக்கொட்டையும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கணக்கில் இருந்து வெளியே போய்விடும்.

இன்னொன்று யூரியா. வைக்கோலின் சத்தைக் கூட்ட யூரியா கரைசல் தெளித்து மூடிவைக்கும் முறையைப் பல ஆண்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணப் பண்ணைக்கு அது நல்ல முறைதான். ஆர்கானிக்கில் கூடாது. சர்வதேச உணவு விதித் தொகுப்பான கோடெக்ஸ், தீவனத்தில் செயற்கைத் தழைச்சத்தைத் தடை செய்கிறது. வாங்கும் கலப்புத் தீவன மூட்டையில் யூரியா சேர்ந்திருக்கிறதா என்று லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கு நோய் வந்தா என்ன செய்வது?

ஆர்கானிக் என்றால் ஊசியே போடக்கூடாது என்று நினைப்பது தவறு. கோமாரி போன்ற நோய்களுக்குத் தடுப்பூசி போடலாம், போடவும் வேண்டும். சினை ஊசிக்கும் தடை இல்லை. பருவத்துக்கு வரவைக்கும் ஹார்மோன் ஊசிதான் கூடாது.

மடிநோய்தான் உண்மையான சோதனை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மூலிகை வைத்தியம் பலன் தரும். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை வைத்தியப் பிரிவில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இன்று தேசிய பால்வள வாரியம் வரை போயிருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிப் பாலை முழுதும் கறந்துவிட்டு, நீர் கலந்து ஒரு நாளுக்கு 8 முதல் 10 முறை, ஐந்து நாள் தடவ வேண்டும்.

அதற்கும் கேட்காமல் காய்ச்சல் ஏறி மாடு தீவனம் எடுக்காவிட்டால், ஆன்டிபயாட்டிக் போட்டே ஆக வேண்டும். முத்திரை போய்விடுமே என்று மாட்டை வதைபட விடுவதை ஆர்கானிக் விதிகளே அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் ஆன்டிபயாட்டிக் போட்ட மாடு ஆர்கானிக் மந்தையில் இருந்து நிரந்தரமாக வெளியேற வேண்டும். கோடெக்ஸ் முறையில், அந்த மருந்துக்குச் சொல்லப்பட்ட காத்திருப்புக் காலத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 48 மணி நேரம், பாலை ஆர்கானிக் என்று ஊற்றக் கூடாது. எந்த மருந்து, எந்தத் தேதி, எந்த மாடு என்று நோட்டில் எழுதிவைப்பது கட்டாயம்.

கட்டுத்தறி பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க ஒரே முளையில் கட்டிப்போட்டு வளர்ப்பது ஆர்கானிக் கொள்கைக்கு ஒத்துவராது. மேய்ச்சல் நிலம் இல்லாதவர்கள் வேலி அடைத்த திறந்தவெளியிலாவது அவிழ்த்துவிட வேண்டும். மாடு நடந்தால் குளம்பு நோயும் மடிநோயும் குறையும், சினைப் பருவம் கண்ணில் படும் என்பது கூடுதல் லாபம்.

எந்த மாடு?

நாட்டு மாடுதான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மதுரை, சிவகங்கை வட்டாரத்தின் புலிகுளம் மாடு வெயிலையும் நோயையும் தாங்கும். ஆனால் அது வயலில் கிடை போடுவதற்கும் ஜல்லிக்கட்டுக்கும் பேர் போனதே தவிர, பால் பண்ணைக்கு உரிய இனம் அல்ல. அதிகம் கறக்கும் எச்.எஃப். கலப்பினத்துக்கு அடர்தீவனம் நிறைய வேண்டும், வெயிலும் ஆகாது. இந்தச் சமவெளிக்கு ஜெர்சி கலப்பினம் நடுத்தரமான தேர்வு. எருமையும் நல்ல தேர்வுதான். கையில் ஏற்கெனவே இருக்கும் மாடுகளை வைத்துத் தொடங்கி, அதன் கன்றுகளை ஆர்கானிக் முறையிலேயே வளர்த்து மந்தையைப் பெருக்குவது செலவு குறைந்த வழி.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 ஆனது. இதை அடிப்படையாக வைத்து ஒரு மாதிரிக் கணக்கு:

ஐந்து மாடு, ஒவ்வொன்றும் 10 லிட்டர். நாளுக்கு 50 லிட்டர், வரவு 1,900 ரூபாய். உடல் பராமரிப்புக்கு 1 கிலோ, அதோடு இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்ற வழக்கமான அளவில் அடர்தீவனம் 25 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 750 ரூபாய். தீவனம் போக மிச்சம் 1,150.

ஆர்கானிக்குக்கு மாறும்போது பால் மாட்டுக்கு 8 லிட்டராகக் குறைகிறது என்று வைப்போம். மொத்தம் 40 லிட்டர். தீவனம் 21 கிலோ போதும். ஆனால் சான்று பெற்ற தீவனம் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல் என்றால் 840 ரூபாய். பழைய 1,150 ரூபாய் கையில் நிற்க, ஒரு லிட்டர் 49 ரூபாய் 75 காசுக்குப் போக வேண்டும். அதாவது லிட்டருக்கு சுமார் 12 ரூபாய் கூடுதல் கிடைத்தால்தான் பழைய நிலைமை. லாபம் அதற்கு மேல்தான். கூலி, பாட்டில், வண்டிச் செலவு இதில் இல்லை.

இதைவிடக் கடினம் இடைக்காலம். மாறும் காலத்தில் பால் குறையும், தீவனச் செலவு ஏறும், விலை மட்டும் அதே 38. மேலே சொன்ன கணக்கில் மிச்சம் 1,520 கழித்தல் 840, அதாவது 680 ரூபாய்தான். நாளுக்கு 470 ரூபாய் துண்டு விழும். மாதத்துக்கு 14,100. இதைத் தாங்க வழி செய்யாமல் இறங்கினால், பாதியில் மாட்டை விற்க வேண்டிய நிலை வரும்.

அதனால்தான் முதல் ஆண்டில் நிலத்தை மட்டும் மாற்றுவது நல்லது. மாட்டுத் தீவனம் வழக்கம்போல இருக்கட்டும். சொந்தப் பசுந்தீவனம் தேறிய பிறகு மாட்டை மாற்றினால், துண்டு விழும் மாதங்கள் குறையும்.

பாலை எங்கே ஊற்றுவது?

சங்கத்தில் ஊற்றினால் எல்லார் பாலும் ஒரே கேனில் சேரும். அங்கே கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்.புக்கும்தான் விலை. ஆர்கானிக் பாலுக்குத் தனி கேன், தனி குளிரூட்டி, தனி வண்டி வேண்டும். ஒருவரால் முடியாது, ஒரு குழுவால் முடியும்.

கர்நாடகாவில் துமகூரு மாவட்டம் திப்தூரில் 2010இல் தொடங்கிய அக்ஷயகல்பா இதற்கு ஓர் உதாரணம். சிறு விவசாயிகளின் பண்ணைகளை அருகருகே ஒரு தொகுப்பாகச் சேர்த்து, பயிற்சி, சான்று, குளிரூட்டல், விற்பனை எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு பகுதியிலும் இதே முறையில் தொகுப்பு அமைத்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பெங்களூரு, சென்னை என்ற பெரிய சந்தை பக்கத்திலேயே இருப்பது. மதுரையில் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: 50 ரூபாய்க்கு மேல் கொடுத்து தினமும் வாங்கும் 40 வீடு கையில் இருக்கா?

வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஆர்கானிக் பால் என்று விற்றால் மூன்றைக் கேளுங்கள். பாக்கெட்டில் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா? அதோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரோ பி.ஜி.எஸ். முத்திரையோ இருக்கிறதா? உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா? வீட்டுக்கு நேரடியாக ஊற்றும் சிறு பண்ணை என்றால், ஒருநாள் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர் வாங்க என்றுதான் சொல்வார். எந்தப் பால் என்றாலும் காய்ச்சிக் குடியுங்கள். ஆர்கானிக் பாலிலும் கிருமி இருக்கும்.

தொடங்க நினைப்பவர்கள் எங்கே போகலாம்?

திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தீவன வளர்ப்பு, மூலிகை வைத்தியம் பற்றி அங்கே கேட்கலாம். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் தீவனப் பயிர் பற்றியும் மண் பரிசோதனை பற்றியும் விசாரிக்கலாம். சான்றுக்கு அங்ககச் சான்றளிப்புத் துறையின் மாவட்ட அலுவலர்களை அணுகலாம்.

அங்கே போவதற்கு முன் வீட்டிலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டு வாங்கி, இன்று முதல் எந்த மாடு எவ்வளவு கறந்தது, என்ன தின்றது, என்ன மருந்து போட்டோம் என்று எழுதிவையுங்கள். மூன்று மாதம் எழுதினால், மாறுவது தனக்குக் கட்டுப்படியாகுமா என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும். கட்டுப்படியாகாது என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. பூஞ்சை இல்லாத தீவனம், தேவையில்லாத ஊசிக்குத் தடை, மருந்து போட்ட நாளில் பாலைத் தனியே கறப்பது ஆகிய மூன்றையும் முத்திரை இல்லாமலே, நாளைக் காலையில் இருந்தே செய்யலாம்.